கெத்தாரியாவில் சில நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் வடக்குக் கடற்கரையில் உள்ள கெத்தாரியா என்ற சிறிய மீன்பிடி ஊரில் இரண்டு முறை தங்கித் திரும்பியிருக்கிறேன். அதன் பிறகு உறவினர்களும் நண்பர்களும், அவர்கள் வழியாக அறிமுகமானவர்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களையே என்னிடம் கேட்டு வருகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த விடைகளை எழுதியிருக்கிறேன்.

கெத்தாரியா என்று ஓர் ஊரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. அது எங்கே இருக்கிறது?

ஸ்பெயினின் வடக்கே, பிரான்ஸ் எல்லைக்கு அருகில், பிஸ்கே வளைகுடாவைப் பார்த்தபடி பாஸ்க் நாடு என்ற தன்னாட்சிப் பகுதி இருக்கிறது. அதன் கிப்புஸ்கோவா மாகாணத்தில், ஸான் செபாஸ்தியான் நகருக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் கெத்தாரியா அமைந்துள்ளது. மக்கள்தொகை மூவாயிரத்துக்கும் குறைவு. காஸ்டீல் அரசர் எட்டாம் அல்போன்சோ 1209இல் வழங்கிய நகரச் சாசனத்தைக் கொண்டது என்பதால், ஊர் சிறியதாக இருந்தாலும் வரலாறு சிறியதல்ல.

ஊரின் வடிவத்தை மனத்தில் பதித்துக்கொள்வது எளிது. மேலே திராட்சைத் தோட்டங்கள் ஏறிச் செல்லும் சரிவு, நடுவே குறுகிய கல்தெருக்கள், கீழே துறைமுகம், துறைமுகத்துக்கு அப்பால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஸான் அந்தோன் குன்று. ஒரு காலத்தில் தனித்தீவாக இருந்து, பிற்பாடு அலைத்தடுப்புச் சுவரால் கரையோடு இணைக்கப்பட்ட அந்தக் குன்று, தொலைவிலிருந்து பார்க்கையில் பதுங்கியிருக்கும் எலியைப் போலத் தெரிவதால் ஊரார் அதைக் ‘கெத்தாரியாவின் எலி’ என்றே அழைக்கிறார்கள்.

ஸான் செபாஸ்தியானில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் பார்த்துவிட்டு வர முடியாதா? எதற்காக அங்கேயே தங்க வேண்டும்?

பார்த்துவிட்டு வரலாம், பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள். காலை பதினொரு மணிக்கு வந்து, தேவாலயத்தைப் பார்த்து, மதியம் மீன் சாப்பிட்டு, நான்கு மணிக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஐந்து மணி நேரம்தான் கெத்தாரியா தன்னைப் போல இல்லாத நேரம். படகுகள் கிளம்புவதும் திரும்புவதும், கிழவர்கள் மாலையில் துறைமுகச் சுவரோரம் கூடிக் காற்றின் திசையைப் பற்றிப் பேசுவதும், கடைக்காரர் இரண்டாம் நாள் உங்களை அடையாளம் கண்டு தலையசைப்பதும் அந்த நேரத்துக்கு வெளியே நடப்பவை.

மூன்று இரவுகளாவது தங்குங்கள் என்பதே என் கருத்து; நான்கு என்றால் இன்னும் நல்லது. ஒரு நாள் மழையில் போய்விடும் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எப்படிப் போவது? கார் எடுக்காமல் சமாளிக்க முடியுமா?

முடியும். கார் இல்லாமல் போவதே நிம்மதி. ஊரின் பழைய பகுதி நடப்பதற்கானது, வண்டி நிறுத்த இடம் கிடைப்பதும் கோடையில் கடினம். விமானத்தில் பில்பாவோ நகரில் இறங்கினால் கெத்தாரியா ஏறக்குறைய 80 கிலோமீட்டர். மாட்ரிட்டிலிருந்து ரயிலில் ஸான் செபாஸ்தியான் வந்தும் சேரலாம். கெத்தாரியாவுக்கு ரயில் நிலையம் கிடையாது. ஸான் செபாஸ்தியானிலிருந்து ‘லுர்ரால்தெபுஸ்’ என்ற மாகாணப் பேருந்து ஸராவுத்ஸ் வழியாக வருகிறது. ‘எயுஸ்கோத்ரென்’ என்ற குறுகிய பாதை ரயிலில் வந்தால், கிழக்கே ஸராவுத்ஸிலோ மேற்கே சுமாயாவிலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

பெட்டி கனமாக இல்லையென்றால் ஸராவுத்ஸில் இறங்கி நடந்தே வாருங்கள். சுமார் நான்கு கிலோமீட்டர் தூரம், சாலையை ஒட்டிக் கடலின் விளிம்பிலேயே செல்லும் நடைபாதை அது. வளைவு ஒன்றைத் திரும்பியதும் எலிக்குன்று கண்ணில் படும் அந்த வருகைக்கு ஈடாகப் பேருந்தின் சன்னல் எதையும் தராது. கடல் கொந்தளிக்கும் நாட்களில் அலை சுவரைத் தாண்டிச் சாலையில் விழும் என்பதால், அப்போது மட்டும் நடக்க வேண்டாம்.

விசா விஷயத்தில் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு வழக்கமான ஷெங்கன் குறுகியகால விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து, குறைந்தது 15 நாட்கள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். ஜூன் 2024 முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடைக்கு முன்பு நேர்காணல் நாள் கிடைப்பதே தாமதமாகும் என்பதால், 15 நாள் கணக்கை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

எந்த மாதம் போகலாம்? ஸ்பெயின் என்றால் எப்போதும் வெயில்தானே?

வெயில் கொளுத்தும் ஸ்பெயின் தெற்கிலும் கிழக்கிலும் இருக்கிறது. இந்த வடகரை பச்சைப்பசேலென்று இருப்பதற்குக் காரணமே அட்லாண்டிக்கிலிருந்து வரும் மழை. ஸான் செபாஸ்தியானில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ‘சிரிமிரி’ என்று அவர்கள் சொல்லும் மெல்லிய தூறல் பெய்வது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அரை மணி நேரத்தில் சட்டை நனைந்திருக்கும். கோடையிலும் ஒரு மழைச்சட்டை பெட்டியில் இருக்கட்டும்.

மே, ஜூன் மாதங்களையே நான் முதலில் சொல்வேன். நெத்திலிப் பருவமும் கூட்டமின்மையும் சேர்ந்து கிடைக்கும் காலம் அது. செப்டம்பரும் நல்லது, கடல்நீர் இதமாக இருக்கும், திராட்சை அறுவடையும் தொடங்கிவிடும். ஆகஸ்டு 6ஆம் நாள் ஸான் சால்வதோர் திருவிழா என்பதால் அந்த வாரம் ஊர் நிரம்பி வழியும். திருவிழாவைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் பல மாதம் முன்பே அறை பிடியுங்கள். ஓய்வுக்காகப் போகிறீர்கள் என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அவ்வளவு சின்ன ஊரில் நாள் முழுக்க என்ன செய்வது? சலித்துப்போகாதா?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பட்டியல் போட்டுப் பார்க்கும் இடங்கள் ஒன்றரை நாளில் முடிந்துவிடும் என்பது உண்மை. மிச்ச நேரத்தைத் துறைமுகத்துக்குக் கொடுங்கள். ஊரின் முதன்மைத் தெருவான காலே நகுசியாவின் கோடியில் ஸான் சால்வதோர் தேவாலயம் நிற்கிறது; அதன் அடியிலேயே ‘கத்ரபோனா’ என்ற இருண்ட கல்வழி புகுந்து துறைமுகத்துப் பக்கம் இறங்குகிறது. கோயிலுக்கு அடியில் நடந்து கடலுக்குப் போகும் அந்தச் சில அடிகளை நான் தினமும் இருமுறை நடந்தேன்.

கீழே கரைத்தளத்தில், படகுகள் கட்டியிருக்கும் இடத்தில், பெண்கள் தாழ்ந்த இருக்கைகளில் அமர்ந்து வலை செப்பனிடுவதைப் பார்க்கலாம். பாஸ்க் மொழியில் அவர்களுக்குச் ‘சரெகிலே’ என்று பெயர். நான் பார்த்த ஒரு மூதாட்டி, நீட்டிய காலின் பெருவிரலில் வலையின் ஓரத்தை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த கண்ணிகளைக் கத்தியால் வெட்டிச் சதுரமாக்கினார். பிறகு நூல் சுற்றிய ஊசியை உள்ளே விட்டு, ஒவ்வொரு கண்ணியின் அளவையும் இடது கைவிரலாலேயே அளந்து, முடிச்சிட்டு, அடுத்ததற்குப் போனார். ஓட்டையை அடைப்பதற்கு முன் அதைப் பெரிதாக்க வேண்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

இவை தவிர, ஸான் அந்தோன் குன்றின் மேல் கலங்கரை விளக்கம் வரை ஒரு நிதானமான நடை, மல்கோர்பே கடற்கரையில் ஒரு பிற்பகல், சுமாயாவுக்கு ஒரு நாள் (கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்) என்று வைத்துக்கொண்டால் நான்கு நாள் நிறைந்துவிடும்.

படகுகள் மீனோடு வருவதைப் பார்க்க முடியுமா? எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும்?

பார்க்கலாம், ஆனால் அதற்கு மணி கிடையாது. மீன் எங்கே இருந்தது, காற்று எப்படி அடித்தது, அன்று விலை எந்தத் துறைமுகத்தில் நன்றாக இருந்தது என்பதைப் பொறுத்துப் படகு வரும். வசந்த காலத்தில் நெத்திலி. அதைச் சுருக்குமடி வலையால் பிடிக்கிறார்கள். கோடையில் ‘பொனீத்தோ’ என்ற வெள்ளைச்சூரை, அதற்குத் தூண்டில். படகின் தொட்டிகளில் உயிருள்ள சிறுமீன்களை எடுத்துச் சென்று, சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றை வீசி, கூடவே கடலின் மேல் நீரைத் தூவலாகப் பாய்ச்சுகிறார்கள். அந்தத் தூவலில் படகும் ஆட்களும் மீனின் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. சூரைகள் ஒவ்வொன்றாகக் கழியில் தூக்கப்படுகின்றன.

நெத்திலியைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. பிஸ்கே வளைகுடாவில் நெத்திலி வளம் சரிந்ததால் 2005ஆம் ஆண்டின் நடுவில் அந்த மீன்பிடிப்பே மூடப்பட்டு, 2006இல் சிறிது காலம் திறந்ததைத் தவிர, 2010இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்தடுத்துச் சில வசந்தங்கள் நெத்திலியின்றிக் கழிந்தன. இன்று அங்கே பிடிக்கும் அளவுக்கு வரம்பு உண்டு. வெள்ளி மின்னும் பெட்டிகள் இறங்கும்போது கரையில் நிற்பவர்களின் முகத்தில் தெரியும் நிறைவுக்குப் பின்னால் அந்த வெறும் ஆண்டுகள் இருக்கின்றன. பெட்டிகள் இறங்கும்போது பளுதூக்கி வண்டிகளின் பாதையில் நிற்காமல், சுவரோரம் ஒதுங்கி நின்று பாருங்கள்.

நாங்கள் ஏழு மணிக்கே இரவு உணவு சாப்பிட்டுப் பழகியவர்கள். சாப்பாட்டு நேரம் ஒத்துவருமா?

ஏழு மணிக்கு உணவகத்தின் சமையலறை திறந்திருக்காது. மதிய உணவு ஒன்றரை முதல் மூன்றரை வரை, இரவு உணவு எட்டரை ஒன்பதுக்குப் பிறகு என்பதே நடைமுறை. இடையில் பசித்தால் மதுக்கூடங்களில் ‘பிஞ்சோ’ என்ற சிறு தின்பண்டங்கள் கிடைக்கும். முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்த தோர்த்தியா ஒரு துண்டு, ஒரு குவளைப் பால்காப்பி என்றால் குழந்தைகளும் தாங்குவார்கள். மதியத்தையே முதன்மை உணவாக வைத்துக்கொள்வது எல்லாவகையிலும் எளிது. வேலைநாட்களில் ‘மெனு தெல் தியா’ என்ற நிலையான விலைச் சாப்பாடும் மதியத்தில்தான் உண்டு.

எல்லோரும் சொல்லும் அந்தச் சுட்ட மீன் உண்மையிலேயே அவ்வளவு உயர்வானதா? விலை பயமுறுத்துகிறதே?

‘ரொதபாயோ’ என்ற தட்டை மீனைத்தான் சொல்கிறார்கள். நம் கடற்கரைகளில் எருமை நாக்கு என்று அழைக்கப்படும் மீனைப் போன்ற தட்டையுடல், ஆனால் இன்னும் அகலமானது. கெத்தாரியாவில் உணவகங்கள் தெருவிலேயே கரியடுப்பை வைத்திருக்கின்றன. முழு மீனைத் தோலோடு கம்பிக்கூண்டில் இறுக்கி, கரியின் மேல் வைத்து, எண்ணெயும் காடியும் உப்பும் கலந்த நீரை மேலே தெளித்துத் தெளித்துச் சுடுகிறார்கள். தோலுக்கும் சதைக்கும் நடுவே இருக்கும் கொழகொழப்பு உருகி அந்த நீரோடு சேர்ந்து குழம்பாகிவிடுகிறது. வேறு மசாலா எதுவும் இல்லை.

விலை எடைக்கு ஏற்ப என்பதால், மீனை முதலில் காட்டச் சொல்லி, எடையையும் மொத்த விலையையும் கேட்டுக்கொண்ட பிறகு ஒப்புக்கொள்ளுங்கள். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. இருவருக்கோ மூவருக்கோ ஒரு மீன் போதும். சதையைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஓரத்துத் துடுப்பு எலும்புகளைக் கையில் எடுத்து உறிஞ்ச வேண்டும். பரிமாறுபவரே அதைக் காட்டித் தருவார். மீன்தலைக் குழம்பின் அருமை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான்கு நாளில் ஒரு முறை இதற்குச் செலவழித்துவிட்டு, மற்ற வேளைகளில் வறுத்த நெத்திலியும், சூரையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த ‘மர்மித்தாகோ’ குழம்பும் சாப்பிட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

எங்கள் வீட்டில் இருவர் சுத்த சைவம். பட்டினியாக இருக்க நேருமா?

பட்டினி நேராது, ஆனால் முன்யோசனை வேண்டும். கெர்னிகா மிளகாய் என்ற சிறு பச்சை மிளகாய் வறுவல், வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு, தக்காளிச் சாலட், முட்டை சாப்பிடுபவர்களுக்குத் தோர்த்தியா என்று எங்கும் கிடைப்பவை சில உண்டு. சிக்கல் மறைவில் இருக்கிறது: சாலட்டில் சூரை தூவியிருப்பார்கள், அவரைக் குழம்பில் பன்றி இறைச்சி இருக்கும், ‘கில்தா’ என்ற புகழ்பெற்ற பிஞ்சோவில் மிளகாயோடும் ஒலிவக்காயோடும் நெத்திலி கோத்திருக்கும். புகழ்பெற்ற இதியாஸபால் செம்மறிப் பாலாடைக்கட்டிகூட ஆட்டுக்குட்டியின் உறைப்பொருளால் உறைய வைக்கப்படுவது. ‘ஸின் கார்னே, ஸின் பெஸ்காதோ, ஸின் ஹமோன்’ என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் மீனும் பன்றித் தொடையும் விலக்கில் சேராது. சமையலறை உள்ள குடியிருப்பாகப் பிடித்து, காய்கறியை ஸராவுத்ஸில் வாங்கிக்கொள்வதே நல்ல வழி.

ஸ்பானிய மொழி கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறேன். பலகைகள் எதுவும் புரியவில்லை என்கிறார்களே?

நீங்கள் கற்றது வீணாகாது. எல்லோருக்கும் ஸ்பானியம் தெரியும். ஆனால் ஊரின் தாய்மொழி எயுஸ்கரா என்ற பாஸ்க் மொழி. உலகில் வேறெந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத தொன்மையான மொழி அது. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் பொது இடங்களிலிருந்து ஒடுக்கப்பட்டு, பிறகு பள்ளிகளுக்குத் திரும்பியது. தன் மொழியை நேசிக்கும் மக்கள் என்றால் என்ன என்பது தமிழர்களுக்குத் தெரியும் என்பதால், நாலு சொற்களையாவது கற்றுச் செல்லுங்கள்: சந்திக்கும்போது ‘கய்ஷோ’, நன்றிக்கு ‘எஸ்கெரிக் அஸ்கோ’, விடைபெற ‘அகுர்’. ரொட்டிக்கடையில் முதல் நாள் நான் தடுமாறிச் சொன்ன ‘எஸ்கெரிக் அஸ்கோ’வுக்குக் கிடைத்த புன்னகை, அடுத்த நாட்களில் என்னை அந்தக் கடைக்கே திரும்பத் திரும்ப அழைத்துச் சென்றது.

கடலில் குளிக்கலாமா? குழந்தைகளை இறக்கலாமா?

ஊருக்கு இரண்டு கடற்கரைகள். துறைமுகத்தின் பக்கம், குன்றின் மறைவில் இருக்கும் மல்கோர்பே அமைதியானது, குழந்தைகளுக்கு அதுதான். மறுபக்கம் உள்ள கஸ்தெத்தாபே திறந்த கடலைப் பார்த்தது, அலைச்சறுக்கு ஆடுபவர்களுக்கானது. உயிர்காப்பாளர்கள் கோடையில் மட்டுமே இருப்பார்கள். பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடியைப் பார்த்தே இறங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புழுக்கமான தெளிந்த பிற்பகலில் திடீரென்று காற்று வடமேற்குக்குத் திரும்பி, வெப்பம் சரிந்து, கடல் கொந்தளிப்பதை இங்கே ‘கலெர்னா’ என்கிறார்கள். ஆகஸ்டு 1912இல் வீசிய கலெர்னாவில் பெர்மியோ முதலிய பாஸ்க் ஊர்களின் மீனவர்கள் பெருமளவில் மாண்டார்கள். ஊர்க்காரர்கள் துண்டை மடித்துக்கொண்டு எழுந்தால், காரணம் கேட்காமல் நீங்களும் எழுந்துவிடுங்கள்.

மழை நாளில் அறையிலேயே அடைந்து கிடக்க வேண்டுமா?

தேவையில்லை. உடை வடிவமைப்பாளர் கிறிஸ்தோபல் பலென்சியாகா 1895இல் பிறந்தது இந்த ஊரில்தான். தந்தை மீனவர், தாய் தையற்காரர். கோடையில் இங்கே வந்து தங்கிய காஸா தோர்ரெஸ் சீமாட்டிக்குத் தாய் துணி தைத்த தொடர்பில்தான் சிறுவனுக்கு உயர்ந்த உடைகளின் அறிமுகம் கிடைத்தது. அதே குடும்பத்தின் மாளிகையோடு இணைத்துக் கட்டிய அருங்காட்சியகம் 2011இல் திறக்கப்பட்டது. பாரிஸில் 1937 முதல் 1968 வரை கோலோச்சிய அவர், இந்த ஊர்க் கல்லறையிலேயே அடக்கமாகியிருக்கிறார். வலை செப்பனிடும் பெண்களைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அதைப் பார்த்த கையோடு அருங்காட்சியகத்துக்குப் போய் அவருடைய தையலைப் பாருங்கள். வெட்டிலும் அளவிலும் உள்ள அதே கண்டிப்பு தெரியும். திங்கட்கிழமைகளில் அருங்காட்சியகங்கள் மூடியிருப்பது வழக்கம் என்பதால் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸான் சால்வதோர் தேவாலயத்துக்குள்ளும் ஒரு மழை மணி நேரத்தைக் கழிக்கலாம். அதன் தளம் பீடத்தை நோக்கிச் சரிவாக ஏறுகிறது; உள்ளே நடக்கையில் சாய்ந்த கப்பலின் மேல்தளத்தில் நடப்பது போலிருக்கும்.

ஊரெங்கும் எல்கானோ என்ற பெயர் இருக்கிறதே, யார் அவர்?

உலகை முதலில் சுற்றிவந்த கப்பலைக் கரை சேர்த்தவர். 1519இல் ஐந்து கப்பல்களோடு புறப்பட்ட மகெல்லன் 1521இல் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார். எஞ்சிய ‘விக்தோரியா’ கப்பலைக் கெத்தாரியாவைச் சேர்ந்த ஹுவான் செபாஸ்தியான் எல்கானோ, தன்னையும் சேர்த்து 18 பேரோடு, கிராம்பு மூட்டைகளோடு, 1522 செப்டம்பரில் ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தார். அரசர் அவருக்கு அளித்த மரபுச்சின்னத்தில் இலவங்கப்பட்டை, சாதிக்காய், கிராம்பு ஆகியவற்றின் மேலே உலக உருண்டையும், ‘என்னை முதலில் சுற்றிவந்தவன் நீ’ என்ற பொருள் தரும் இலத்தீன் வரியும் இருந்தன. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, மேலே சொன்ன ஆகஸ்டு திருவிழாவை ஒட்டி, அவர் கரையிறங்கியதை ஊரார் நடித்துக் காட்டுகிறார்கள்.

சுமாயாவின் அடுக்குப் பாறைகளைப் பார்க்கப் போனோம், தண்ணீர்தான் இருந்தது. என்ன தவறு செய்தோம்?

கடல் ஏறியிருந்த நேரத்தில் போயிருக்கிறீர்கள். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நான்கு மீட்டருக்கு மேலும் வேறுபாடு வரும் நாட்கள் உண்டு. கடல் உள்வாங்கும்போதுதான் ‘பிளிஷ்’ என்ற பாறை அடுக்குகள் புத்தகத்தின் ஏடுகளைப் போல நீண்டு கிடப்பது தெரியும். டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எல்லைக்கோடும் அவற்றில் ஒன்று. ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து, வற்றத்தின் உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாக இத்சுருன் கடற்கரையில் இருங்கள். நீர் திரும்பத் தொடங்கியதும் பாறைகளின் மூலைகளை விட்டு வெளியேறிவிடுங்கள்.

போவதற்கு, அஸ்கிசு என்ற சிற்றூர் வழியாகச் செல்லும் யாத்திரைப் பாதையில் காலையில் நடக்கலாம். சந்தியாகோ என்ற புனித நகருக்குச் செல்லும் வடக்குப் பாதையின் ஒரு பகுதி அது. வழியில் உயரப் பந்தல்களில் படர்ந்த திராட்சைத் தோட்டங்களைக் கடப்பீர்கள். ‘சக்கோலி’ என்ற புளிப்பான வெண்மது அவற்றிலிருந்துதான் வருகிறது. திரும்பும்போது பேருந்து.

நம்மைப் போன்றவர்கள் போய்த் தங்குவதால் அந்த ஊருக்குக் கேடு இல்லையா?

நியாயமான கேள்வி. அண்மை ஆண்டுகளில் ஸ்பெயினின் பல ஊர்களில், சுற்றுலா வாடகையால் சொந்த ஊரில் வீடு கிடைக்கவில்லை என்று மக்கள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் சில வீடுகள் கைமாறினாலே அது தெரியும். என்னால் முழு விடை சொல்ல முடியாது. நான் செய்வதைச் சொல்கிறேன். உரிமம் பெற்ற விடுதியிலோ, வீட்டுக்காரர் அங்கேயே வாழும் இல்லத்திலோ தங்குகிறேன். ஆகஸ்டைத் தவிர்க்கிறேன். வலை செப்பனிடுபவர்களைக் கேட்காமல் படம் எடுப்பதில்லை. சமையலறை உள்ள குடியிருப்பு வேண்டுமென்று சைவர்களுக்குச் சொன்னேன்; அப்போதும் உரிம எண்ணைக் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

உப்பு நெத்திலியை ஊருக்குக் கொண்டுவரலாமா? கெட்டுவிடாதா?

நெத்திலியை உப்போடு அடுக்கிப் பல மாதங்கள் பதப்படுத்தி, பிறகு பெண்கள் கையாலேயே முள் எடுத்து எண்ணெயில் அடுக்குகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிசிலியிலிருந்து வந்தவர்கள் இந்தக் கரையில் பரப்பிய தொழில் அது. கொதிக்கவைத்து மூடாதது என்பதால் குளிர்ப்பெட்டி வேண்டும்; ஒரு பயண நாளைத் தாங்கும், கோடை வெயிலில் பெட்டிக்குள் கிடப்பதைத் தாங்காது. கடைசி நாள் வாங்கி, எண்ணெய் இருப்பதால் கைப்பையில் வைக்காமல் சரக்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள். சூரை டப்பாவுக்கு இந்தக் கவலை இல்லை. அது சமைத்து அடைத்தது. வீட்டுக்கு வந்ததும் நெத்திலியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். உறைந்த எண்ணெய் தெளிந்த பிறகுதான் அதன் சுவை வெளிவரும்.